வையம்பட்டிக்கு எட்டிய மெட்டல் கச்சேரி

பெரிய வித்வான்களின் சங்கீதத்தைக் கேட்க விரும்பிய வையம்பட்டிக்காரர் ஒரு காலத்தில் மணப்பாறை வழியாக ரயிலேறித் திருச்சிக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கிய பின்னர், காதைப் பொறுத்தமட்டில் அந்தப் பிரயாணம் மிச்சமாயிற்று. கண்ணுக்கு அந்தச் சலுகையைச் சினிமாதான் அளித்தது. மறு வருஷமே எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேக'த்தில் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையவர்கள் கதாநாயகராகவே தோன்றினார்கள். ஆனால் கதையே இல்லாமல், கச்சேரி ஒன்றையே விஷயமாகக் கொண்டு படமெடுக்கும் வழக்கம் மேல்நாட்டில் வேரூன்றியது 'வுட்ஸ்டாக்' திரைப்படம் வெளியான 1970-ஐ ஒட்டித்தான்.

அதே வருஷத்தில்தான் இரும்புத் தொழிலுக்குப் பெயர்போன பர்மிங்காமில் பிறந்த 'பிளாக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டும் வெளிவந்தது. அக்குழுவின் கிதார் வித்வான் டோனி அயோமி, தகட்டுப் பட்டறையில் விரல் நுனிகளை இழந்தும் வாத்தியத்தை விடாதவர். திருச்சிப் பொன்மலை ரயில்வே பட்டறையின் இரைச்சலில் பழகிய செவிக்கு அக்குழு வாசித்த மெட்டல் சங்கீதம் அவ்வளவு அந்நியமாக இராதென்பது என் அபிப்பிராயம்.

மெட்டல் கச்சேரிப் படங்களில் நான் மிகவும் மதிப்பது, 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் 'அயர்ன் மெய்டன்' குழுவைப் படம்பிடித்த 'லைவ் ஆஃப்டர் டெத்'. எகிப்தியக் கோயிலைப் போல் ஜோடிக்கப்பட்ட மேடை. நம்மூர் உற்சவத்துப் பூதவாகனம்போல் இடையே எழுந்தருளும் 'எட்டி' என்னும் பிரம்மாண்ட உருவம். இவற்றுக்கு நடுவே, தந்தியை மீட்டும் வில்லை எதுவுமின்றி வெறும் விரல்களாலேயே பேஸ் கிதாரைக் குதிரைப் பாய்ச்சலில் மீட்டும் ஸ்டீவ் ஹாரிஸ்.

அக்குழு 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்ததே இந்தியாவில் அவர்களது முதற்கச்சேரி. மறு வருஷம், பாடகர் புரூஸ் டிக்கின்சன் தாமே விமானியாய் அமர்ந்து போயிங் 757-ஐச் செலுத்த, 45 நாட்களில் 23 கச்சேரிகள் என்று புறப்பட்ட உலக யாத்திரையின் தொடக்கம் பிப்ரவரி 1 அன்று மும்பையிலேயே நிகழ்ந்தது. சாம் டன்னும் ஸ்காட் மக்ஃபேடியனும் அந்த யாத்திரையைப் படமாக்கி, 2009-ல் 'ஃபிளைட் 666' என வெளியிட்டனர். அதன் கச்சேரிப் பகுதியில் பாட்டுக்கொரு நகரம். முதற்பாட்டான 'ஏசஸ் ஹை' மும்பைக்கு உரியது.

அப்பாட்டுக்கு முன் ஒலிபரப்பப்படுவது, 1940-ல் சர்ச்சில் நிகழ்த்திய யுத்தப் பிரசங்கம். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுக்கவே மாட்டேனென்று பிடிவாதம் பிடித்த அந்த மனிதரின் குரல் முழங்க, அதைப் பாட்டின் முன்னறிவிப்பாக மட்டுமே எடுத்துக்கொண்டு மும்பை வாலிபர்கள் ஆரவாரிக்கும் காட்சியைப் பார்க்கையில், சரித்திரத்துக்கும் ஹாஸ்யரசம் உண்டு என்றே தோன்றுகிறது. சர்ச்சில்மீது பழைய குரோதத்தைக் கைக்கொள்ள அவர்களுக்கு அவகாசமில்லை, டிரம்ஸ் தொடங்கிவிடுகிறது.

மைதானத்தில் நின்றவனுடைய நெஞ்சுக்கூட்டை அதிரவைத்த நாதம் படத்தில் குறைந்துபோகிறது, வாஸ்தவம். ஆயினும் கடைசி வரிசைக்காரனுக்கு எக்காலத்திலும் தெரியாத விரல் வித்தை, வையம்பட்டியில் கைப்பேசி வைத்திருப்பவனுக்குத் துலாம்பரமாகத் தெரிகிறது. வித்தையைக் கற்க விழைபவர் 1985-ம் வருஷப் படத்தை முதலிலும் மும்பைக் காட்சியைப் பிறகும் பார்க்கட்டும். இரண்டும் ஒரே பிரசங்கத்தில், ஒரே பாட்டில் தொடங்குவதால், அக்குழுவின் இரண்டு கிதார்கள் மூன்றான பின் அந்தச் சங்கீதம் எவ்வளவு கனத்திருக்கிறது என்பதை அவர்களே கேட்டறியலாம்.