லாரிக்கு மாட்டும் கொலுசு

நம்ம ஊரில் புது லாரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அமெரிக்காவின் ராக்கி மலைப்பக்கம் குளிர்காலத்தில் லாரி டயருக்குக் கொலுசே மாட்டுகிறார்கள். இரும்புக் கொலுசு! பனிச் சங்கிலி என்று பெயர். ஒரு நூலேணியை எடுத்து சக்கரத்தைச் சுற்றிக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

இதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. மோட்டார் வண்டி வந்த புதிதில் சேற்றிலும் பனியிலும் வழுக்காமல் இருக்க டயரில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டுவார்களாம். கயிறு எத்தனை மைல் தாங்கும்? நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்ற ஊர்க்காரர் ஹாரி வீட், கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டால் என்ன என்று யோசித்தார். 1904 ஆகஸ்ட் 23-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். எண் 768495.

டயருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நீளச் சங்கிலி, நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்குச் சங்கிலிகள். அவ்வளவுதான் டிசைன். இந்த வகைச் சங்கிலியை டயரோடு அசையாமல் பிணைப்பதில்லை. வண்டி ஓட ஓட அது டயரின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரே இடத்தில் உரசி ரப்பரைத் தின்பதில்லை. நம்ம பொட்டி தட்டும் பாஷையில் சொன்னால் 'லூஸ் கப்ளிங்' :-)

இன்றைய லாரி ஓட்டுனர் கையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே ஏணிதான். ஆனால் வண்டி வேறு. பதினெட்டு சக்கரம், சரக்கோடு 36 டன் வரை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை 1973-ல் திறந்த ஐசன்ஹோவர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டுகிறது. உயரம் சுமார் 3,400 மீட்டர். ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு! அந்த மலைப்பகுதியில், டாட்ஸெரோவிலிருந்து மாரிசன் வரை, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை லாரிகள் சங்கிலி வைத்திருந்தே ஆகவேண்டும். பனி அதிகமானால் மாட்டியே ஆகவேண்டும்.

மாட்டுவது லேசில்லை. ஒரு டயருக்கான சங்கிலியே பதினைந்து இருபது கிலோ வரும். முறுக்கில்லாமல் பிரித்து, டயர் மேல் தூக்கிப் போட்டு, வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, முதலில் உள்பக்கக் கொக்கியை மாட்டவேண்டும். அதற்கு ஈரப்பனியில் முட்டி போட்டு சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டே ஆகணும். அப்புறம் வெளிப்பக்கம் மாட்டி இறுக்கணும். கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்கணும். பக்கத்திலேயே மற்ற வண்டிகள் வழுக்கிக்கொண்டு போகும்.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. அங்கே நெடுந்தூர ஓட்டுனர் பலருக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். பனியில் முட்டி போடும் நேரத்துக்கு மைல் ஏறாது. 'இந்த ஒரு ஏற்றம்தானே, ஓட்டிடலாம்' என்று தோணுமா தோணாதா? ஒரு லாரி குறுக்கே திரும்பி நின்றால் சாலையே நின்றுவிடும். அதனால் கொலராடோவில் மாட்டவேண்டிய நேரத்தில் மாட்டாவிட்டால் 500 டாலருக்கு மேல் அபராதம். அதனால் சாலையை அடைத்துவிட்டால் 1000-க்கு மேல்.

சுவிட்ச் தட்டினால் சின்னச் சின்ன சங்கிலிகளை டயருக்கு அடியில் வீசும் தானியங்கிக் கருவியும் இருக்கிறது. ஆனால் சக்கரம் சுழன்றால்தான் அது வேலை செய்யும். ஆழமான பனியில் சிக்கி நின்றுவிட்டால் பழைய ஏணிதான் கதி.

வழுக்குவதற்கு வீட் 1904-லேயே வழி சொல்லிவிட்டார். பனியில் முட்டி போடும் அந்த அரைமணி நேரத்துக்கு யார் சம்பளம் தருவது என்பதற்குத்தான் இன்னும் யாரும் காப்புரிமை வாங்கவில்லை. பனிப்பிரதேசத்தில் வண்டி ஓட்டும் நண்பர்கள் யாராவது இருந்தால் உங்கள் சங்கிலி அனுபவத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.