நட்சத்திரத்தை விடாமல் பிடித்தவர்கள்

பால்வீதியின் அழகான படத்தைப் பார்த்தால் கேமராவைத்தான் பாராட்டுகிறோம். அந்தப் படத்துக்காக மணிக்கணக்கில் ஒரே நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை நினைப்பதில்லை. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதுபோல் தெரிகிறது. மங்கலான நெபுலாவின் ஒளியைச் சேர்க்கவோ நீண்ட நேரம் வேண்டும். கடிகார இயந்திரம் தொலைநோக்கியை வானத்தோடு திருப்பும். ஆனால் பல்சக்கரத்தில் சின்னப் பிசகு இருந்தாலும் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாகிவிடும். அதனால் ஒருவர் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். இதுதான் கைடிங்.

இதில் பேர்போனவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஏழைப் பையன். 9 வயதில் போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். சூரிய ஒளியில் படங்களைப் பெரிதாக்கும் கருவியை, சூரியன் நகர நகரக் கையால் திருப்புவதுதான் வேலை! 1889-ல் லிக் வானாய்வகத்தில் பால்வீதியைப் படமெடுத்தபோதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். மனிதர்களைப் படமெடுக்கச் செய்த 6 அங்குல லென்ஸைத் தொலைநோக்கியோடு கட்டி, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கிழையிலேயே நிறுத்தி வைத்தார்.

ஆனால் கண் ஒரு குழாயில், கேமரா இன்னொன்றில். பெரிய தொலைநோக்கியில் இரண்டும் வெவ்வேறு விதமாக மயிரிழை வளைந்தாலும் படம் கெட்டது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தகட்டைக் கழுவினால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்கு வழி கண்டவர் ஆண்ட்ரூ காமன். தொழிலால் பொறியாளர், வானியலில் அமெச்சூர். லண்டனை அடுத்த ஈலிங்கில், வீட்டுத் தோட்டத்தில் வைத்த 36 அங்குலத் தொலைநோக்கியால் 1883-ல் ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் அதில் பதிந்தன. பிறகு அவர் அமைத்த தகடு தாங்கியில், தகட்டின் ஓரத்திலேயே ஐபீஸ் இருந்தது. நட்சத்திரம் விலகினால் தகட்டையே நகர்த்தலாம். ஒரே குழாய், ஒரே ஒளி. இன்றைய ஆஃப்-ஆக்சிஸ் கைடரின் தாத்தா இது.

அதிலும் ஒரு குறை. ஓரத்தில் நல்ல நட்சத்திரம் கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் உருவம் கோணலாக இருக்கும்.

இதைத் தீர்ப்பதுதான் ஆன்-ஆக்சிஸ் முறை. 45 டிகிரி சாய்வில் ஒரு டைக்ரோயிக் கண்ணாடி. நாம் காணும் ஒளியைத் திருப்பிப் படக் கேமராவுக்கு அனுப்பும். அகச்சிவப்பை ஊடுருவ விட்டு கைடு கேமராவுக்குக் கொடுக்கும். இரண்டும் ஒரே வானத்தைப் பார்க்கும். வீட்டில் செய்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். கண்ணாடி மிகத் தட்டையாக இருக்க வேண்டும், ஏனென்றால் படமே அதில் பட்டுத்தான் வருகிறது. பெட்டி துளியும் அசையக் கூடாது. சாய்ந்த கண்ணாடியைக் கடக்கும் கைடு நட்சத்திரம் கொஞ்சம் சிதையும். அதன் நடுப்புள்ளியை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும்.

ஆக, 100 வருடத்துக்கும் மேலாக நடந்தது ஒன்றுதான்: பார்க்கும் கண்ணையும் பதியும் தகட்டையும் நெருங்க வைப்பது. குளிரில் விழித்திருந்த கண்ணுக்குப் பதில் இன்று ஒரு சின்ன சென்சார். அடுத்த முறை வானப் படம் பார்த்தால், நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வட்டமாக இருந்தால், யாரோ பிடியை விடவில்லை என்று அர்த்தம்.