1956 செப்டம்பர் 6: பாராளுமன்றத்தில் ஒரு நாள்

வரலாறு என்றவுடன் போரும் முடிசூட்டு விழாவுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் ஆரவாரம் ஏதுமின்றி நிகழ்ந்து, விரைவிலேயே மறக்கப்பட்டு, அதன் பின்னரும் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்வைத் தாங்கி நிற்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. அடித்தளக் கல்லை எவரும் கண்டு வியப்பதில்லை. எனினும் வீடு நிற்பது அதன் மேலன்றோ!

1956 ஆம் ஆண்டு செப்டம்பர் 6 ஆம் நாள், வியாழக்கிழமையன்று, புதுதில்லியில் நம் மக்களவை ஆற்றிய பணி அத்தகையது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் திருத்தத்தை அவை அன்று நிறைவேற்றிற்று. தாய்மொழி வழங்கும் மாநிலத்திற்கு வெளியே வாழும் குழந்தையும் தன் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறுதற்குரிய வழியை அத்திருத்தம் வகுத்தது. தங்கவயலில் வாழும் நம்முள் எத்துணைப் பேர் அந்நாளை நினைவிற் கொண்டுள்ளோம்?

அந்நாளின் அருமையை உணர வேண்டுமாயின், முதலில் நம் நிலையை நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். அதன் பின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் பிழைப்புத் தேடி வந்தனர். மூங்கில் தட்டி அடைத்த வீடுகளில் குடியிருந்து, சங்கு ஊதியதும் பூமிக்குள் இறங்கிப் பாறையைப் பிளந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றது. அத்துணை ஆழத்தில் பொன்னைத் தேடிய மக்கள், மேலே வந்தபொழுது மொழியை மறந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது இந்தத் தங்கவயலிலிருந்துதான். எந்தச் சட்டமும் துணைக்கு வராத காலத்தில், உழைப்பாளிகள் தம் கைக்காசைக் கொண்டு வளர்த்த தமிழ் இது.

எனினும் கைக்காசைக் கொண்டு ஒரு சங்கம் நடத்தலாம். ஓர் அச்சகம் நடத்தலாம். ஒரு நகரத்துக் குழந்தைகள் அனைவர்க்கும் கல்வி அளித்தல் இயலுமா? அதற்கு அரசின் கை வேண்டும். அரசின் கை நீள வேண்டுமாயின் சட்டம் வேண்டும்.

அச்சட்டம் பிறப்பதற்குக் காரணமாய் அமைந்தது மாநிலச் சீரமைப்பு. மொழியை ஒட்டி மாநிலங்கள் அமைய வேண்டும் என்னும் குரல் நாடெங்கும் எழுந்தமையால், 1953 ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. பசல் அலி தலைவராகவும், குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய இருவரும் உறுப்பினராகவும் இருந்த அக்குழு, 1955 செப்டம்பர் 30 அன்று தன் அறிக்கையை அளித்தது. எல்லைக் கோட்டை எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும், கோட்டிற்கு இப்பாலும் அப்பாலும் வேற்று மொழியினர் சிலர் இருந்தே தீர்வர் என்னும் உண்மையை அது மறைக்கவில்லை. அவர்கட்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும், தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இடம்பெற வேண்டும் என்றும் பரிந்துரை செய்தது.

கோலார் மாவட்டம் இதற்கு ஒரு நல்ல சான்று. ஒரு பக்கம் ஆந்திரம், ஒரு பக்கம் சென்னை மாநிலம். மாவட்டத்துள் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்க, தங்கவயலில் தமிழ் ஓங்கி ஒலித்தது. இத்தகைய நிலத்தில் எந்தக் கோட்டை எங்கே வரைந்தாலும் ஒரு சாரார் சிறுபான்மையினர் ஆவதைத் தவிர்க்க முடியாது. கோலார் மைசூர் மாநிலத்திலேயே நிலைபெற்றது. நாமும் அதன் குடிகளாகவே நிலைபெற்றோம்.

இனி அந்நாளின் நிகழ்ச்சிக்கு வருவோம். மசோதாவை உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் 1956 ஏப்ரல் 18 அன்று மக்களவையில் கொணர்ந்தார். அப்பொழுது அதன் பெயர் ஒன்பதாம் திருத்த மசோதா என்பது. சட்டமான பொழுதுதான் ஏழாம் திருத்தம் எனப் பெயர் பெற்றது. செப்டம்பர் மாதத்தில், மு. அனந்தசயனம் அய்யங்கார் அவைத் தலைவராய் விளங்கிய காலத்தில், அது முடிவிற்கு வந்தது. சாதாரண மசோதாவிற்கு, வந்திருப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தால் போதும். அரசியலமைப்பைத் திருத்துவதற்கோ அது போதாது. அவையின் மொத்த உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். வந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர்க்குக் குறையாது ஆதரிக்க வேண்டும். செப்டம்பர் 6 ஆம் நாள் அவ்விரு வாயில்களையும் மசோதா கடந்தது. செப்டம்பர் 11 அன்று மாநிலங்களவையும் இசைந்தது. பின்னர்ச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் பெற்று, அக்டோபர் 19 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்தின் இசைவும் கிடைத்தது. மக்களவை வாக்களித்த நாளிலிருந்து சரியாக எட்டு வாரம் கழித்து, மற்றொரு வியாழக்கிழமையாகிய நவம்பர் 1 அன்று, புதிய மாநிலங்களோடு அத்திருத்தமும் நடைமுறைக்கு வந்தது.

அத்திருத்தம் செய்த மாற்றங்கள் பல. மாநிலங்களை அ, ஆ, இ எனத் தரம் பிரித்த முறை ஒழிந்தது. இராஜப்பிரமுகர் பதவி நீங்கியது. மைசூர் மன்னர் ஜயசாமராஜேந்திர உடையார் ஆளுநர் ஆனார். இப்பெரிய மாற்றங்களிடையே இரண்டு சிறு விதிகள் அடக்கமாய் நுழைந்தன. அவைதாம் 350-அ, 350-ஆ என்பன.

முதல் விதி கூறுவது யாது? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கல்வி கற்பிக்கப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும், அதனுள் உள்ள ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முயலுதல் வேண்டும். அதற்குத் தேவையான கட்டளைகளை எந்த மாநிலத்திற்கும் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கலாம். இரண்டாம் விதி, இப்பாதுகாப்புகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று ஆராய்ந்து குடியரசுத் தலைவரிடம் அறிக்கை தர ஒரு தனி அலுவலரை நியமித்தது. அவ்வறிக்கை பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படும். ஆளுநர்களே இப்பணியைக் கவனிக்கலாம் எனச் சீரமைப்புக் குழு கருதியிருந்தது. அரசோ மத்தியில் தனி அலுவலர் ஒருவர் வேண்டும் என முடிவு செய்தது. 1957 ஜூலைத் திங்களில் அவ்வலுவலகம் நிறுவப்பெற்றது.

இங்கே ஒரு சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மாநிலம் வசதி செய்து தந்தே தீர வேண்டும் என்று விதி கூறவில்லை. முயலுதல் வேண்டும் என்றே கூறுகிறது. தனி அலுவலரும் ஆராயலாம், அறிவிக்கலாம், ஆணையிட இயலாது. அன்று நமக்குக் கிடைத்தது கதவே ஒழிய, கதவைத் தாண்டிய கூடம் அன்று. தட்டுவோர் இருந்தால் திறக்கும். தட்டுவார் இல்லையேல் மூடியே கிடக்கும்.

எனினும் அக்கதவு சிறிதென்று இகழ்வதற்கில்லை. அதே 1956 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றியது. நம்மைப் போலவே பிழைப்புத் தேடிச் சென்று, அங்கே மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழருள் மிகப் பலர், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையையே இழந்திருந்தனர். கடலுக்கு இப்பால் நம் பாராளுமன்றம், எண்ணிக்கையில் சிறியோரையும் தன் மக்களாகவே கருதி அவர்தம் மொழிக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. ஒரே ஆண்டில் இரு பாராளுமன்றங்கள் சென்ற இரு வழிகளையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு அந்நாளின் பெருமை விளங்கும்.

கதவைத் தட்டுவது எங்ஙனம்? அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. மக்களவை வாக்களிப்பதற்கு இரண்டு நாள் முன்னர், செப்டம்பர் 4 அன்று, மொழிச் சிறுபான்மையோர்க்குரிய பாதுகாப்புகளைத் தொகுத்த ஓர் அறிக்கைக் குறிப்பை மத்திய அரசு பாராளுமன்றத்தின் முன் வைத்தது. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி வகுத்த நெறியை அது ஏற்றுக்கொண்டது. ஒரு பள்ளியில் ஒரு மொழி பேசும் மாணவர் 40 பேராவது, அன்றி ஒரு வகுப்பில் 10 பேராவது இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையேனும் நியமித்தல் வேண்டும் என்பது அந்நெறி. குழந்தையின் தாய்மொழி எது என்று கூற வேண்டியவர் பெற்றோரே அன்றி அதிகாரி அல்லர் என்பதும் அதனுள் அடங்கும்.

ஆண்டுகள் பல உருண்டோடின. 1956 இறுதியில் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் உடைமையாக்கிற்று. 1962 இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972 இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தோன்றியது. 1973 இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கொலி அடங்கியது, பலர் வேலை தேடிப் பெங்களூருக்குப் புகைவண்டியில் செல்லலாயினர். பொன் போயிற்று. ஆனால் 350-அ என்னும் விதி போகவில்லை; அன்று எழுதியவாறே இன்றும் இருக்கிறது.

அவ்விதியின் பொருளை 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாக்கிற்று. தொடக்கப் பள்ளிகளின் பயிற்றுமொழி பற்றிக் கர்நாடக அரசு 1994 ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணைகளிலிருந்து எழுந்த வழக்கு அது. தாய்மொழியில் கற்க வசதி செய்து தருவது மாநிலத்தின் பொறுப்பு. தாய்மொழியில்தான் கற்க வேண்டும் என வற்புறுத்துவது மாநிலத்தின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது. குழந்தையின் தாய்மொழி எது எனத் தீர்மானிப்போர் பெற்றோரே என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பை ஆங்கிலப் பள்ளிகளின் வெற்றி என்று மட்டும் கருதுவோர் உளர். நாம் கற்க வேண்டிய பாடமோ வேறு. எவரும் நம்மைத் தடுக்கவில்லை. எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. முடிவு நம் கையில் இருக்கிறது.

ஆங்கிலம் வேண்டாம் என்று எவரும் கூறார். கன்னடம் நாம் வாழும் மண்ணின் மொழி; அதனைப் பிழையறக் கற்பது நம் கடமையும் நன்றியும் ஆகும். ஆயினும் தாத்தாவின் கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத நாள் வருமாயின், அக்குற்றத்தைத் தில்லியின் மேலும் சுமத்த முடியாது. பெங்களூரின் மேலும் சுமத்த முடியாது. சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்னும் இடத்தில் தமிழ் என எழுதுவதற்கு எத்துணை மை செலவாகும்? ஒரு வகுப்பில் பத்துப் பேர் என்பது எட்டாத எண்ணிக்கையா? ஒரு லைனில் உள்ள பெற்றோர் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு விண்ணப்பித்தால், அவ்விண்ணப்பத்தின் பின்னே அரசியலமைப்புச் சட்டமே நிற்கிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம்மவர் பழமொழி.

1956 செப்டம்பர் 6 அன்று வாக்களித்த உறுப்பினருள் மிகப் பலர் தங்கவயலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். எனினும் அவர்கள் நம் வீட்டுக் குழந்தைக்காக ஒரு கதவை அமைத்துச் சென்றனர். அதனைத் தட்டுதல் நம் கடன். ஆண்டுதோறும் விழா எடுக்கும் நம் சங்கம் அந்நாளையும் நினைவு கூர்வதாகுக! பள்ளி திறக்கும் திங்களில் வீடுதோறும் சென்று அக்கதவை மக்களுக்குக் காட்டுவதாகுக!

வாழ்க தமிழ்! வளர்க ஒற்றுமை!