வசாபி பை மோரிமோட்டோ

வசாபி பை மோரிமோட்டோ என்பது மும்பை கொலாபாவில், தாஜ் மஹால் பேலஸ் ஓட்டலில் அமைந்துள்ள உயர்தர ஜப்பானிய உணவகம். 2004இல் தொடங்கப்பட்டது, ஹிரோஷிமாவில் பிறந்த சமையற்கலைஞர் மசஹரு மோரிமோட்டோவின் பெயரைத் தாங்கியது.

உணவு வகைகள்: சுஷி (காடி கலந்த சோற்றின் மேல் மீன் அல்லது காய்), சஷிமி (சோறின்றிப் பரிமாறப்படும் பச்சை மீன் துண்டுகள்), டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தவை) ஆகியன முதன்மையானவை. ஜப்பானியச் சாறுகளுக்கு அடிப்படையான டாஷி, பெரும்பாலும் கொம்பு எனும் கடற்பாசியும் உலர்த்திய மீன் சீவலும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. ஆகவே காய்கறி சூப்பும் சைவமாக இராமற்போகலாம்; சைவர்கள் முன்கூட்டியே கேட்டறிவது வழக்கம்.

உண்ணும் முறை: நிகிரி சுஷியைக் கையாலும் எடுத்து உண்ணலாம். சோற்றுப் பக்கத்தைத் தவிர்த்து, மீன் பக்கத்தை மட்டும் சோயா சாஸில் லேசாகத் தொடுவர். ஊறவைத்த இஞ்சி, ஒரு துண்டின் சுவை அடுத்ததில் கலவாதிருக்க இடையே உண்ணப்படுவது. வசாபி, கடுகுக் குடும்பத் தாவரத்தின் தண்டு. துருவிய சில நிமிடங்களில் காரநெடி குறைவதால் உண்ணும் வேளையிலேயே துருவப்படுகிறது. விலை மிகுதியால், உலகின் பல உணவகங்களில் பச்சை நிறமூட்டிய குதிரைமுள்ளங்கி விழுதே அதற்கு ஈடாகிறது.

வரலாறு: 1903இல் திறக்கப்பட்ட இவ்வோட்டல் 2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலுக்கு உள்ளானது, உணவகமும் சேதமடைந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது.

முக்கியத்துவம்: நட்சத்திர ஓட்டல்கள் வழி இந்தியாவில் ஜப்பானிய உணவு அறிமுகமானதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஜப்பானிய மரபுணவான வாஷோகு 2013இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.