பங்காளிகளின் கோப்பை: நூறு வருடம் ஓடி நின்றுபோன ஒரு கால்பந்துப் போட்டி

பக்கத்து நாட்டோடு நட்பு ஆட்டம் ஆடுவது என்பது பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது மாதிரி. போகாமல் இருக்க முடியாது. போனாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஜெயித்தால் புள்ளி இல்லை, தோற்றால் நஷ்டம் இல்லை. பயிற்சியாளர் பாதி ஆட்டத்தில் ஆறு பேரை மாற்றுவார். ரசிகர் டிக்கெட் காசு போனதே என்று வீடு திரும்புவார்.

இந்த நட்பு ஆட்டங்களை எல்லாம் ஒரே போட்டியாகக் கோர்த்து, புள்ளிப் பட்டியல் போட்டு, ஒரு கோப்பையையும் வைத்துவிட்டால் என்ன?

இந்த யோசனை புதிதல்ல. உலகக் கோப்பை பிறப்பதற்கு நாற்பத்தாறு வருடம் முன்பே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். செய்தவர்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்ற நான்கு பங்காளிகள். அந்தப் போட்டி நூறு வருடம் ஓடியது. பிறகு நின்றது. கால் நூற்றாண்டு கழித்து அதற்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார்கள். அந்த முயற்சி ஒரே வருடத்தில் படுத்துவிட்டது. ஏன்? அந்தக் கதைதான் இது.

ஆரம்பம்

உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோ நகரில் நடந்தது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. இடம் ஒரு கிரிக்கெட் மைதானம். ஸ்காட்லாந்தின் பதினோரு பேரும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள். முடிவு 0-0.

அதற்குப் பிறகு வருடா வருடம் இந்த இரண்டு நாடுகளும் ஆடின. 1876ல் வேல்ஸ் வந்து சேர்ந்தது. 1882ல் அயர்லாந்து தன் முதல் ஆட்டத்தை பெல்ஃபாஸ்டில் ஆடி, இங்கிலாந்திடம் 13-0 என்று உதை வாங்கியது. எல்லாமே தனித்தனி நட்பு ஆட்டங்கள்தான்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒவ்வொரு விதி. பந்து ஓரக்கோட்டைத் தாண்டினால் எப்படி எறிவது என்பதில்கூட இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒத்துப்போகவில்லை. 1882 டிசம்பரில் நான்கு சங்கங்களும் மான்செஸ்டரில் கூடி, ஒரே விதித் தொகுப்புக்கு ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தத்தின் கையோடு வந்ததுதான் 1883-84 பருவத்தில் தொடங்கிய உள்நாட்டு சாம்பியன்ஷிப். முதல் ஆட்டம் 1884 ஜனவரியில் பெல்ஃபாஸ்டில் நடந்தது. அயர்லாந்தை ஸ்காட்லாந்து 5-0 என்று வென்றது. முதல் பட்டமும் ஸ்காட்லாந்துக்கே.

அமைப்பு மிக எளிமையானது. ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை ஆட வேண்டும். ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று. புள்ளிகள் சமமானால்? பட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்! கோல் வித்தியாசம் பார்க்கும் வழக்கம் 1970களின் இறுதியில்தான் வந்தது. 1955-56ல் நான்கு அணிகளும் தலா மூன்று புள்ளி எடுத்து, நான்கும் சாம்பியன் ஆன வேடிக்கையும் நடந்தது.

ஒரு ஆட்டம், மூன்று தேவைகள்

இந்தப் போட்டி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் ஒன்றல்ல.

முதலாவது, பகை. ஸ்காட்லாந்து மக்களுக்கு வருடத்தில் ஒரு நாள் இங்கிலாந்தைத் தோற்கடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 1928ல் வெம்ப்ளி மைதானத்தில் 5-1 என்று ஜெயித்த ஸ்காட்லாந்து அணியை 'வெம்ப்ளி மந்திரவாதிகள்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 1937 ஏப்ரலில் கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில் இந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 1,49,415 பேர். 1966ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து, அதன்பின் முதல் தோல்வியைச் சந்தித்தது 1967 ஏப்ரலில், அதே வெம்ப்ளியில், ஸ்காட்லாந்திடம். 3-2. நாங்கள்தான் இப்போது உலக சாம்பியன் என்று ஸ்காட்லாந்து ரசிகர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

கூட்டத்துக்கு ஒரு கொடூரமான விலையும் உண்டு. 1902 ஏப்ரல் 5 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் மரப்பலகையால் ஆன பார்வையாளர் மேடை உடைந்து விழுந்து இருபத்தைந்து பேர் இறந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த ஆட்டத்தின் முடிவு கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இரண்டாவது, அந்தஸ்து. உலகக் கோப்பை வந்த பிறகும் இந்தப் போட்டியே பெரியது என்று பிரிட்டனில் நினைத்தார்கள். 1950 உலகக் கோப்பைக்கு இதையே தகுதிச் சுற்றாக ஃபிஃபா ஏற்றுக்கொண்டு, முதல் இரண்டு இடங்களுக்கும் டிக்கெட் கொடுத்தது. ஆனால் ஸ்காட்லாந்து சங்கமோ, 'சாம்பியன் ஆனால் மட்டுமே பிரேசில் போவோம்' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. ஹாம்டனில் இங்கிலாந்து 1-0 என்று ஜெயித்தது. ஸ்காட்லாந்துக்கு இரண்டாம் இடம். சொன்ன சொல்லைக் காப்பாற்றி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்! பங்காளியிடம் தோற்ற பிறகு உலகக் கோப்பை எதற்கு என்ற ரோஷம். (பிரேசில் போன இங்கிலாந்து அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றது தனிக் கதை.)

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாதது. பணம். இங்கிலாந்துக்கு இது பல ஆட்டங்களில் ஒன்று. வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்கோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இங்கிலாந்து தங்கள் ஊருக்கு வந்தே தீரும் என்பது ஒரு நிலையான வருமானம். வணிகவியல் பாஷையில் சொன்னால், பெரிய வாடிக்கையாளரோடு போட்டுக்கொண்ட நிரந்தர ஒப்பந்தம். நட்பு ஆட்டம் என்றால் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். சாம்பியன்ஷிப் என்றால் கூப்பிடவே வேண்டாம், அட்டவணையே கூட்டி வந்துவிடும். சிறிய நாட்டுக்கு ஒரு போட்டி தரும் பெரிய பரிசு கோப்பை அல்ல, இந்த உரிமைதான்.

சரிவு

பட்டியலைப் பார்த்தால் சமநிலை இல்லாதது தெரியும். பங்கு போட்டதையும் சேர்த்து இங்கிலாந்துக்கு 54 பட்டங்கள், ஸ்காட்லாந்துக்கு 41, வேல்ஸுக்கு 12, அயர்லாந்துக்கு வெறும் 8. முதல் பாதி நூற்றாண்டில் இது யாரையும் உறுத்தவில்லை. ஐரோப்பியக் கோப்பை, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகள் என்று அட்டவணை நிரம்ப ஆரம்பித்ததும் உறுத்தியது. 1968-69 முதல் எல்லா ஆட்டங்களையும் பருவத்தின் கடைசியில் ஒரே வாரத்துக்குள் அடைத்தார்கள். நீண்ட பருவம் ஆடிக் களைத்த வீரர்கள், அரை மனதோடு ஆடினார்கள். இங்கிலாந்து-ஸ்காட்லாந்து தவிர மற்ற ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்தது.

அந்த ஒரு ஆட்டத்துக்கு வந்த கூட்டமோ வேறு தலைவலி. 1977ல் வெம்ப்ளியில் 2-1 என்று ஜெயித்ததும் ஸ்காட்லாந்து ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து, கோல் கம்பத்தை உடைத்து, புல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

வட அயர்லாந்தில் நடந்த உள்நாட்டுக் கலவரம் கடைசி அடி கொடுத்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த அணியின் சொந்த ஊர் ஆட்டங்களே வெளியே மாற்றப்பட்டன. 1981 மே மாதம் சிறையில் உண்ணாவிரதம் இருந்த பாபி சாண்ட்ஸ் இறந்தார். பெல்ஃபாஸ்ட் கொந்தளித்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் அங்கே போக மறுத்தன. உலகப் போர்களைத் தவிர வேறு எதற்கும் நிற்காத சாம்பியன்ஷிப், அந்த வருடம் முடிவில்லாமல் கைவிடப்பட்டது.

1983ல் இங்கிலாந்து சங்கம் அறிவித்தது: அடுத்த பருவத்தோடு விலகுகிறோம். ஸ்காட்லாந்தும் பின்னாலேயே விலகியது. இரண்டுக்கும் வலுவான வெளிநாட்டு அணிகளோடு ஆட வேண்டும். சின்னப் பங்காளிகள் இருவரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இத்தனைக்கும் 1982 உலகக் கோப்பையில் போட்டியை நடத்திய ஸ்பெயினையே 1-0 என்று வீழ்த்திய அணி வட அயர்லாந்து!

கடைசிப் பருவமான 1983-84ஐ யாராவது சினிமாவாக எழுதியிருந்தால் நம்பமாட்டோம். வட அயர்லாந்து ஸ்காட்லாந்தை 2-0 என்று வென்றது, இங்கிலாந்திடம் 1-0 என்று தோற்றது, வேல்ஸோடு 1-1 என்று சமன் செய்தது. மிச்சம் இருந்தது ஹாம்டனில் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து ஆட்டம் மட்டும். யார் ஜெயித்தாலும் பட்டம் அவர்களுக்கு. முடிவு 1-1. நான்கு அணிகளுக்கும் தலா மூன்று புள்ளி! கோல் வித்தியாசம் பார்த்தார்கள். ஒரே ஒரு கோல் முன்னிலையில் வட அயர்லாந்து சாம்பியன். யாரை வேண்டாம் என்று விட்டுப் போனார்களோ, அவர்கள் கையிலேயே கோப்பை நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தங்களுக்குள் மட்டும் 1985ல் ரூஸ் கோப்பை என்று ஒன்றைத் தொடங்கின. பிரேசில், கொலம்பியா, சிலி என்று விருந்தாளிகளைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். 1989க்குப் பிறகு அதுவும் இல்லை.

மறுபிறவி

2008ல் ஒரு அறிவிப்பு வந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, அயர்லாந்துக் குடியரசு ஆகிய நான்கும் சேர்ந்து 2011ல் டப்ளினில் 'நேஷன்ஸ் கப்' நடத்தும். நட்பு ஆட்டத் தேதிகளிலேயே நடத்தலாம், வருமானமும் கிடைக்கும் என்பது எண்ணம். இங்கிலாந்து சேரவில்லை.

காகிதத்தில் நல்ல யோசனைதான். இரண்டு அயர்லாந்துகளும் முதன்முறையாக ஒரே உள்நாட்டுப் போட்டியில். புதிதாகக் கட்டிய அவிவா மைதானம். கார்லிங் நிறுவனத்தின் விளம்பரம். ஆனால் நடந்தது என்ன?

பிப்ரவரியில் பாதி, மே கடைசியில் பாதி என்று ஆட்டங்கள் பிரிந்தன. மே மாதம் பல வீரர்கள் களைப்பு, காயம் என்று விலகிக்கொண்டார்கள். டிக்கெட், பயண ஏற்பாடுகள் பிடிக்காமல் வட அயர்லாந்து ரசிகர்கள் புறக்கணித்தார்கள். அயர்லாந்துக் குடியரசு மூன்று ஆட்டமும் ஜெயித்தது. வட அயர்லாந்தை 5-0, கடைசியாக ஸ்காட்லாந்தை ராபி கீன் அடித்த கோலால் 1-0.

இதில் ஒரு எண்ணைக் கவனியுங்கள். மே 27 அன்று வேல்ஸும் வட அயர்லாந்தும் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 529 பேர். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் மைதானத்தில்! 1937ன் 1,49,415 எங்கே, இந்த 529 எங்கே?

2013ல் வேல்ஸில் நடக்க வேண்டிய இரண்டாவது பதிப்பு நடக்கவே இல்லை. அதே 2013 ஆகஸ்டில் வெம்ப்ளியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரு சாதாரண நட்பு ஆட்டம் ஆடின. எண்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 3-2. கோப்பை வைத்த ஆட்டத்துக்கு ஆள் இல்லை, கோப்பை இல்லாத ஆட்டத்துக்கு இடம் இல்லை!

கணக்கு என்ன சொல்கிறது?

நட்பு ஆட்டத்துக்குப் பெயரை மாற்றி, கோப்பை ஒன்றை வைத்தால் மட்டும் அது போட்டியாகிவிடாது. ரசிகர் வருவது இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான். பழைய சாம்பியன்ஷிப்பில் மானம் இருந்தது, சில வருடங்களில் உலகக் கோப்பை இடமும் இருந்தது. நேஷன்ஸ் கப்பில் இரண்டும் இல்லை. பெரிய பங்காளியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், பிற ஊர்க்காரர்கள் ஆடும் ஆட்டத்தை டப்ளின்காரர்கள் எதற்குக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்? பழைய போட்டியில் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டமும் ஆடுபவர்களில் ஒருவரின் ஊரில் நடந்தது. அதில்தான் உயிர் இருந்தது.

இந்தப் பாடத்தை ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு படித்த மாதிரி தெரிகிறது. 2014ல் முடிவு செய்து 2018ல் தொடங்கிய நேஷன்ஸ் லீக், பெரும்பாலான நட்பு ஆட்டங்களை விழுங்கிவிட்டது. பலத்துக்கு ஏற்ற பிரிவுகள், மேலே ஏறுவது, கீழே இறங்குவது, பெரிய போட்டிகளுக்குத் தகுதி பெற இன்னொரு வழி என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதாவது ஒன்று பணயம். சிறிய நாடுகளுக்கும் அர்த்தமுள்ள ஆட்டம் கிடைத்தது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்ற உறவு கிடையாது. வேல்ஸும் அயர்லாந்தும் 2018ல் அதில் சந்தித்தது குலுக்கல் சீட்டு தந்த தற்செயல். பெல்ஃபாஸ்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இங்கிலாந்து வந்தே தீரும் என்ற அந்தப் பழைய உறுதி திரும்பவில்லை. நான்கு பங்காளிகளும் இன்றும் தவறாமல் ஒன்றாக உட்காரும் இடம் ஒன்றுதான். 1886ல் அவர்கள் உருவாக்கிய விதிக் குழுவில் தலா ஒரு ஓட்டு அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. அந்த மேஜையில் இங்கிலாந்துக்கு உள்ள அதே ஒரு ஓட்டுதான் வட அயர்லாந்துக்கும்.

ஆட்ட விதியில் சமமாக இருப்பவர்கள் ஆட்ட அட்டவணையில் சமமாக இல்லை. அட்டவணையைத் தீர்மானிப்பது பணம். சிறியவர் கெஞ்சாமல், பெரியவர் வேண்டா வெறுப்பாக வராமல், இருவருக்கும் ஏதாவது பணயம் இருக்கிற மாதிரி பக்கத்து நாடுகளுக்கு ஒரு போட்டியை அமைக்க முடியுமா? நூறு வருடம் முடிந்திருக்கிறது. எனவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.