சரித்திரப் பாடமும் சமூகத் தொண்டும்: பெக்கான் நானாஸை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஒரு பள்ளியில் சரித்திரம், பூகோளம், மொழி, இலக்கியம், நன்னெறி என்னும் மானுடக் கல்வித் துறைகள் எவ்வாறு போதிக்கப்படுகின்றன என்பதையும், அப்பள்ளி தன்னைச் சூழ்ந்த சமூகத்துக்கு ஆற்றும் தொண்டு எத்தகையது என்பதையும் அப்பள்ளி மாணவரே ஆராயப் புகுவது தகுமா என்று கேட்போருக்கு, தகும் என்பதே என் விடை. அவ்விரண்டையும் தனித்தனியே பிரிக்காமல் ஓர் ஆராய்ச்சியின் இரு பகுதிகளாகக் கொண்டாலன்றி எதன் உண்மை நிலையும் புலப்படாது என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

மலேசியக் கல்வி முறையில் இவ்விரண்டுக்கும் இடமில்லாமல் இல்லை. 2013 முதல் இடைநிலைக் கல்வியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் பெற விரும்பும் மாணவர் சரித்திரப் பாடத்தில் தேறியே ஆக வேண்டும். 2014 முதல் தொடக்கப் பள்ளியின் நான்காம் ஆண்டிலிருந்தே சரித்திரம் தனிப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. இடைநிலைப் பள்ளியின் நன்னெறிக் கல்வியிலோ சமூகச் சேவைத் திட்டம் மதிப்பீட்டின் ஓர் அங்கமாகவே அமைந்துள்ளது. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியது. ஏற்பாட்டில் குறையில்லை, குறையெல்லாம் அதனால் விளைந்த மனோபாவத்தில்தான். தேர்வுக்காக மனனம் செய்யப்பட்ட சரித்திரம் தேர்வு மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. புள்ளிகளுக்காகச் செய்யப்பட்ட சேவை, நிழற்படமும் நற்சான்றிதழும் கோப்பில் சேர்ந்த அளவில் முற்றுப்பெறுகிறது. முன்னதில் அறிவு செயலை நாடுவதில்லை. பின்னதில் செயல் அறிவைத் தேடுவதில்லை.

இவ்விரண்டும் இணையும் இடம் மாணவரின் சொந்த ஊரே என்பதற்குப் பெக்கான் நானாஸ் தக்க சான்று. ஜோகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர் அன்னாசிக்குப் பேர்போனது. அன்னாசிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இங்குண்டு. ரப்பர்க் கன்றுகள் பால் தரும் பருவத்தை எய்தும்வரை வருவாய்க்கு வழிதேடிய தோட்டக்காரர்கள் அவற்றின் நடுவே அன்னாசியை ஊடுபயிராக நட்டதும், சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் எழுந்த டப்பாத் தொழிற்சாலைகள் அப்பயிரை ஏற்றுமதிப் பொருளாக்கியதும், வேறு பயிர்கள் எளிதில் வேரூன்றாத கரிச்சதுப்பு நிலத்தை அது தனக்கு உரியதாக்கிக் கொண்டதும், 1957-இல் அத்தொழிலுக்கென ஒரு வாரியம் ஏற்பட்டதும் ஆகிய இவையெல்லாம், அப்பழத்தை நாள்தோறும் காணும் மாணவன் தன் ஊரைக்கொண்டே உலக வாணிபத்தின் சரித்திரத்தைக் கற்பதற்குரிய பாடங்கள். அண்மையிலுள்ள கூனோங் பூலாய் மலையின் நீர், 1927-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை அடுத்துச் சிங்கப்பூருக்குச் சென்றதும், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கை 2011 ஆகஸ்ட் 31-ஆம் நாள் முடிவுற்றபோது அங்குள்ள நீர் நிலையங்கள் ஜோகூரின் வசம் வந்ததும் இரு நாடுகளின் இராஜதந்திர வரலாற்றைச் சேர்ந்தவை.

இத்தகைய ஊரில் மாணவர்கள் ‘கோத்தோங் ரோயோங்’ என்னும் கூட்டுப்பணியாகக் கால்வாய் ஒன்றைத் துப்புரவு செய்கிறார்கள் என்று கொள்வோம். அது நற்செயலே. ஆனால் பாரிட் எனப்படும் அக்கால்வாய்கள் சதுப்பு நிலத்தின் நீரை வடித்து அதனைச் சாகுபடிக்கு உரியதாக்க வெட்டப்பட்டவை என்பதையும், நீர் வடிந்த கரிச்சதுப்பு நிலம் நாளடைவில் தாழ்ந்து வெள்ளத்துக்கும் வறட்சிக் காலத்தில் தீக்கும் இலக்காகும் என்பதையும் அறிந்த மாணவன், குப்பையை அகற்றியதோடு அமைய மாட்டான். இந்நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அடைப்பினால் யாருடைய வீடு முதலில் நனைகிறது என்று வினவத் தொடங்குவான். அவ்வாறே, தீபாவளிக்கு முதியோர்க்கு அன்பளிப்பு வழங்கச் செல்லும் மாணவன் சரித்திரம் பயின்றவனாயின், 1942-43-இல் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கதை அம்முதியோர் தம் பெற்றோரிடம் கேட்டறிந்ததாக எஞ்சியிருக்கக்கூடும் என்பதை உணர்ந்து, அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு அந்நினைவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்புவான்.

இந்நெறி நம்மவருக்குப் புதிதன்று. கோ. சாரங்கபாணி 1935-இல் நிறுவிய தமிழ் முரசு இதழின் மாணவர் மணிமன்றம் எழுதப் பழகிய பிள்ளைகளை ஒன்றுகூட்டியது. தமிழ் இளைஞர் மணிமன்றம் அவ்வுணர்ச்சியை மலாயாவெங்கும் சமுதாயப் பணியாக வளர்த்தது. 1982-இல் டாக்டர் மு. தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தம்மினும் இளையோருக்குத் தொண்டர்களாய் நின்று பாடம் கற்பித்தனர். கல்வி பெற்றவன் அதனைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்னும் தத்துவமே இம்முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படை.

மாணவன் தன் பள்ளியைத் தானே ஆராய்ந்தால் பட்சபாதம் நேரும், அல்லது ஆசிரியரைக் குறைகூறும் துணிவு தலைதூக்கும் என்று ஆட்சேபிப்பவர் உளர். அச்சம் நியாயமானதே; ஆயினும் ஆராய்ச்சியைத் தடுப்பது அதற்குப் பரிகாரமாகாது, முறையைப் போதிப்பதே பரிகாரம். பள்ளியின் ஆண்டு மலர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்புகள், முன்னாள் மாணவரின் வாய்மொழி, சேவை பெற்றவரின் அபிப்பிராயம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூற வேண்டும் என்று விதித்துவிட்டால், பட்சபாதம் பெருமளவுக்குத் தானே விலகும். இந்நான்கில் இறுதியாகக் கூறியதே நம் பள்ளிகள் பெரிதும் மறந்தது. எத்தனை மணி நேரம் சேவை செய்தோம் என்று கணக்கெழுதும் பள்ளிகள், அச்சேவை யாருக்கு எந்த அளவு பிரயோஜனப்பட்டது என்று அதனைப் பெற்றவரைக் கேட்பது அரிதாகவே இருக்கிறது. மாணவரின் அறிக்கையை ஆசிரியர் திருத்தலாம், அதிலுள்ள குறைகளைச் சுட்டலாம். பள்ளிக்கு உவப்பில்லாதது என்பதற்காக ஒரு முடிவை அழிக்கலாகாது.

மானுடக் கல்வியின் பயன் மனிதரை அறிவது. தொண்டின் பயன் அறிந்த மனிதருக்கு உதவுவது. ஆதலின், பொந்தியான் வட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர் குழுவொன்றிடம் இவ்வாராய்ச்சியை ஒப்படைத்து, அதன் அறிக்கையை ஊரார் முன்னிலையில் படிக்கச் செய்து, அதிற்கண்ட குறைகளுள் ஒன்றையாவது அடுத்த ஆண்டுக்குள் நிவர்த்தி செய்ய முன்வருதல் வேண்டும்.