பள்ளிவாசலுக்குள் எப்படிப் போவது?

போன நோன்பு மாசம் யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நோன்பு திறக்க வரச்சொல்லி எங்களுக்கு அழைப்பு வந்தது. கூடப் படித்த நண்பர்தான் கூப்பிட்டார். ஆறு பேர் போனோம். வாசலில் நின்றவுடன் ஆறு பேருக்கும் கால் நகரவில்லை. சப்பாத்தை எங்கே விடுவது? தலையை மூட வேணுமா? எங்களோடு வந்த இரண்டு பெண் பிள்ளைகளும் உள்ளே வரலாமா? கை கால் கழுவ வேணுமா?

வாசலில் இருந்த வயதானவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "செருப்பை அந்தப் பக்கம் வச்சிட்டு வாங்க மகன், கஞ்சி ஆறுது" என்றார். அவ்வளவுதான்.

கஞ்சி குடித்துவிட்டு வந்தபிறகு எங்களுக்குள் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுக்குப் போகிற ஒழுங்கு எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது? அதற்கு முதல், அந்த ஒழுங்குகள் எங்கேயிருந்து வந்தன? கொஞ்சம் தேடி வாசித்தோம். வாசித்ததை இங்கே பகிர்கிறோம்.

கி.பி. 622இல் முஹம்மது நபி மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்ததும் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. இன்றைக்கு நாம் நினைக்கிற மினாராவும் குவிமாடமும் அதில் கிடையாது. மண்கல் சுவர், ஈச்ச மரத் தூண், ஈச்சோலைக் கூரை. மழை பெய்தால் ஒழுகும். அப்படி மழை பெய்த ஓர் இரவில், தொழுது முடித்த நபியின் நெற்றியில் சேறு ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தரை வெறும் மண். அதனால் அந்தக் காலத்தில் செருப்போடும் தொழுதார்கள். நபியே அப்படித் தொழுதிருக்கிறார். செருப்பில் அசுத்தம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தேய்த்துத் துடைத்துவிட்டு வரவேண்டும். கழற்றினால் பக்கத்தில் நிற்பவருக்கு இடைஞ்சலாக வைக்கக்கூடாது. விதி அவ்வளவுதான். பிறகு தரையில் பாயும் கம்பளமும் வந்தபோது செருப்பு வாசலோடு நின்றுகொண்டது. தரை மாற வழக்கமும் மாறியது. ஆனால் அடுத்தவர் நெற்றி வைக்கிற இடத்தை அழுக்காக்காதே என்ற காரணம் மட்டும் மாறவில்லை.

மற்ற ஒழுங்குகளையும் இப்படித் தோண்டிப் பார்த்தால், அநேகமானவற்றுக்கு அடியில் ஒரு பக்கத்து மனிதர் இருக்கிறார். வெள்ளிக்கிழமைக் குளிப்பை எடுங்கள். அன்றைய மதீனாவாசிகள் உடம்பால் உழைக்கிறவர்கள், கம்பளி உடுத்தியவர்கள். கூரை தாழ்வு, இடம் நெருக்கம், வெயில். வியர்வை நாற்றம் ஒருவருக்கொருவர் தொல்லையானபோதுதான் குளித்துவிட்டு வரும்படி சொல்லப்பட்டது என்று இப்னு அப்பாஸ் விளக்குகிறார். பச்சை வெங்காயம், பூண்டு சாப்பிட்டவர் பள்ளிக்குள் வரவேண்டாம் என்றதும் இதே காரணத்துக்காக. பிந்தி வந்தவர் மற்றவர்களின் தோளைத் தாண்டி முன்வரிசைக்குப் போகக்கூடாது. தொழுகை தொடங்கிவிட்டாலும் ஓடி வரக்கூடாது. குர்ஆன் ஓதுவதுகூட அடுத்தவரைக் குழப்புகிற சத்தத்தில் கூடாது. தொழுகிறவருக்குக் குறுக்கே நடப்பதைவிட நாற்பது காத்திருப்பது நல்லது என்று ஒரு நபிமொழி இருக்கிறது. நாற்பது நாளா, மாசமா, வருஷமா என்பது தனக்குத் தெரியவில்லை என்று அதை அறிவித்தவரே சொல்லிவிட்டார்!

சரி, ஒழுங்கு தெரியாதவர் உள்ளே வந்தால்? அதற்கும் ஒரு சம்பவம் இருக்கிறது. பாலைவனத்திலிருந்து வந்த ஒருவர் பள்ளிக்குள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிட்டார். இருந்தவர்கள் கத்திக்கொண்டு எழும்பினார்கள். நபி அவர்களைத் தடுத்து, அவர் முடிக்கும்வரை விடச் சொன்னார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார். அந்த மனிதரைக் கூப்பிட்டு, இந்த இடம் எதற்கானது என்று அமைதியாக எடுத்துச் சொன்னார். வாசலில் தடுமாறி நின்ற எங்களுக்கு இதை வாசித்தபோது பெரிய நிம்மதி.

முஸ்லிம் அல்லாதவர்களும் அங்கே வந்திருக்கிறார்கள். தாயிபிலிருந்து வந்த ஸகீப் கோத்திரத் தூதுக்குழு பள்ளிவாசலிலேயே தங்கவைக்கப்பட்டது. அதே தாயிபில்தான் சில வருஷங்களுக்கு முன் நபியைக் கல்லெறிந்து துரத்தியிருந்தார்கள். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் அந்தப் பள்ளிக்குள் கிழக்கு நோக்கித் தங்கள் வழிபாட்டைச் செய்ய விடப்பட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பெண்களும் வந்தார்கள். பள்ளிக்குப் போகும் பெண்களைத் தடுக்கவேண்டாம் என்பது நேரடியான நபிமொழி. பின்னால் எங்கோ பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால், தாயின் தவிப்பை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாகவும் பதிவு உண்டு. இன்றைக்கு நம் நாட்டில் எத்தனை பள்ளிகளில் பெண்களுக்கு இடம் இருக்கிறது என்று எங்கள் முஸ்லிம் தோழிகள் கேட்பது இந்த வரலாற்றை வைத்துத்தான்.

பிறகு வந்த சட்ட அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. மாலிக்கி மத்ஹபு இறுக்கமானது. ஹனஃபி மத்ஹபு தாராளமானது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு, மக்காவின் புனிதப் பள்ளி தவிர்ந்த மற்றப் பள்ளிகளுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகலாம், ஒரு முஸ்லிமின் அனுமதி வேணும் என்கிறது.

இந்த இடத்தில்தான் எங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. ஒரு முஸ்லிமின் அனுமதி. அதாவது, உன்னை உள்ளே கூப்பிட உனக்கு ஒரு முஸ்லிம் நண்பர் இருக்க வேணும். எங்கள் அம்மா அப்பாவுக்கு அப்படி ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரர், தையல்காரர், கூடப் படித்தவர். 1990 ஒக்டோபர் 30 அன்று ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாசத்தில் வடக்கு முழுக்க இதுதான் நடந்தது. பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். அதற்குப் பிறகு பிறந்த நாங்கள் பாங்கு சத்தம் கேட்காத ஊரில் வளர்ந்தோம். ஒழுங்கு தெரியாமல் போனது எங்கள் கவனக்குறைவால் மட்டுமல்ல. சொல்லித்தர வேண்டியவர்கள் துரத்தப்பட்டிருந்தார்கள். எங்கள் பெரியவர்களில் பலர் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டார்கள்.

இப்போது கொஞ்சப் பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆகவே போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் கேளுங்கள், கேட்காமல் போகவேண்டாம். ஐந்து நேரத் தொழுகையும் வெள்ளி மதியமும் தவிர்ந்த நேரம் வசதியானது. தோளும் முழங்காலும் மூடுகிற உடுப்பு, பெண்களுக்குத் தலைக்கு ஒரு சால்வை. நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவது மரியாதை. இங்கே மூடுவது மரியாதை. விரிப்புக்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றுங்கள். வுழூ தொழுகிறவர்களுக்கானது, நீங்கள் செய்யத் தேவையில்லை. போனைச் சத்தமில்லாமல் வையுங்கள், தொழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள், அவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். தெரியாமல் பிழை விட்டால் பயப்படாதீர்கள், அந்த ஒரு வாளித் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வெளியே வந்தபோது அந்த வாசல் பெரியவரிடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டோம். புத்தளத்தில் என்றார். எத்தனை வருஷம் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் எங்கள் செருப்புகளை மழை படாத பக்கம் எடுத்து வைத்திருந்தார்.